ரெஃப்ரீயின் இடது காது

— இது அப்பா காது இல்லடா.

— அக்கா, பெட்டியைப் பிரிச்ச வாசனைகூட இன்னும் போகல, அதுக்குள்ள நொட்டைச் சொல்லா? முதல்ல போர்டைக் கையில வாங்கிப் பாரு. என்ன பச்சை, என்ன பளபளப்பு! பாகமெல்லாம் அங்கேயே ஒட்டி அனுப்பிட்டாங்க. பேட்டரியை மாட்டி, கழுத்துல தொங்கற கண்ணாடி டப்பாவுல போட்டு மூடினா நம்ம காது மெஷின் ரெடி.

— பச்சையை யாரு குறை சொன்னா? பின்பக்கம் திருப்பு. என்ன இருக்கு?

— உன் லோகோ. வெள்ளை மையில ஒரு காது. உள்ளே சுருண்டு போற கோடு சர்க்யூட் கம்பி மாதிரியே வளைஞ்சு வளைஞ்சு போய் ஒரு புள்ளியில நிக்குது. இந்த மெஷினைச் சேர்ந்து செய்யற எங்க குழுவுல அத்தனை பேரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அதே லோகோ.

— எந்தப் பக்கத்துக் காது?

— எந்தப் பக்கம்னா? காதுக்கா. காதுல என்ன பக்கம்?

— ஒரு ஆளுக்கு ரெண்டு காது இருக்குடா. நான் வரைஞ்சது இடது. இதுல இருக்கறது?

— டெக்னிக்கலா சொல்லப்போனா...

— உன் டெக்னிக்கலைத் தூக்கிக் குப்பையில போடு. இடதா, வலதா?

— வலது மாதிரிதான் தெரியுது.

— மாதிரியா!

— சரி, வலதேதான். படம் திரும்பி விழுந்திருக்கு. கத்தாதே, கீழே அப்பா இருக்கார்.

— கத்தினா மட்டும் அவருக்குக் கேக்கவா போகுது? கேக்கலைன்னுதானேடா இவ்வளவு பாடு! எப்படித் திரும்பும்? நான் நேராத்தானே வரைஞ்சு கொடுத்தேன்?

— கோவிக்காம கேளு. கம்ப்யூட்டர்ல போர்டைக் கண்ணாடித் தகடு மாதிரி காட்டும். முன்பக்கமா பாக்கும்போதே பின்பக்கத்துல இருக்கறதும் ஊடுருவித் தெரியும். உன் லோகோவைப் பின்பக்கத்துல வெச்சேன். ஸ்க்ரீன்ல பாத்தா நீ வரைஞ்ச மாதிரியே அம்சமா இருந்துச்சு. ஆகா, அக்கா கை யாருக்கு வரும்னு நினைச்சுக்கிட்டே அனுப்பிட்டேன்.

— ஐஸ் வைக்காதே. மேலே சொல்லு.

— நிஜ போர்டைக் கையில எடுத்துப் பின்பக்கம் திருப்பினா இடம் வலமாயிடும் இல்லையா? அதனால பின்பக்கம் போறதை ஸ்க்ரீன்ல வேணும்னே தலைகீழா... தலைகீழா இல்ல, இடம் வலமா மாத்தி வைக்கணும். எழுத்தா இருந்தா பழக்கத்துல கை தானா செஞ்சிடும். இது காதுங்கவும் கை மறந்துடுச்சு.

— கை மறந்துடுச்சா? ஆஸ்பத்திரியில ஆளைவிடப் பெரிய மெஷினையெல்லாம் பிரிச்சு மேயறே. ஒரு காதைத் திருப்பத் தெரியல?

— ஆஸ்பத்திரி மெஷின்ல யாரும் அப்பா காதை அச்சடிக்கறதில்லக்கா.

— எத்தனை போர்டு இப்படி?

— எல்லாமே. ஒண்ணுல தப்புன்னா அத்தனையிலயும் தப்பு. அதுதானே அச்சுக்கு அழகு.

— அழகாம் அழகு! எங்க கம்பெனியில பிஸ்கட் பாக்கெட்டுல கோதுமைக் கதிர் ஒரு முடி அளவு தள்ளி விழுந்தாக்கூட நான் மெஷினை நிறுத்திட்டுத்தான் மறுவேலை பாப்பேன். இங்கே காதே கட்சி மாறியிருக்கு, இவன் அழகுங்கறான்.

— சரி, ஒரு யோசனை. இது வலது காதுக்காரங்களுக்கான மாடல்னு குழுவுல போட்டுடுவோம்.

— குழுவை விடுடா. உங்க குழு ஒரு மாசம் உக்காந்து காதுக்குள்ள போற கோடு தடிமனா இருக்கணுமா, மெல்லிசா இருக்கணுமான்னு சண்டை போட்ட குழு. அவங்ககிட்ட தப்பு நடந்துடுச்சுன்னு எழுது, ஆளுக்கு ஒரு திருத்தம் அனுப்புவாங்க.

— அது வாஸ்தவம். ஓப்பன் ஹார்டுவேர்னா அதான். வரைபடம், பாகம், விவரம் எல்லாம் வெளியில. யார் வேணா பாத்துக்கலாம், யார் வேணா செஞ்சுக்கலாம், யார் வேணா திருத்தலாம். அதுல நான் பண்ற தப்பையும் யார் வேணா பாக்கலாம்.

— பாத்துச் சிரிக்கட்டும். அதுவா இப்ப கவலை? அப்பாவுக்கு என்ன பதில் சொல்லப்போறே? அதைச் சொல்லு.

— அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

— அவர் என்ன சொன்னார், ஞாபகம் இருக்குல்ல?

— இல்லாம? சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். நீ முதல்ல வரைஞ்ச லோகோவைக் காட்டினே. யார் காது இதுன்னு கேட்டார். யாரோடதும் இல்ல, பொதுவா ஒரு காதுன்னே. யாரோடதும் இல்லாத காதை நான் எதுக்குக் கழுத்துல தொங்கவிடணும்னார்.

— அப்புறம்?

— என் காதைப் போடு, மாட்டிக்கறேன்னார்.

— ஆறு வருஷத்துலடா! ஆறு வருஷமா காது மெஷின்னு வாயைத் திறந்தாலே எழுந்து போற மனுஷன். கடையில வாங்கிக் கொடுத்தோமே, என்ன பண்ணார்?

— தோல் நிறத்துல இருக்கு, மாட்டினா வெளியே தெரியாதுன்னு அந்தக் கடைக்காரர் சொல்லிட்டார். அவ்வளவுதான். தெரியக்கூடாதுன்னு ஒளிச்சு வெச்சா அதுக்குப் பேர் ஃபவுல், கிரவுண்டுல ஒளிச்சு ஆடினவனை நான் வெளியே அனுப்பியிருக்கேன்னு ஒரு பிரசங்கம் பண்ணிட்டு அலமாரியில வெச்சுப் பூட்டிட்டார்.

— ரெஃப்ரீயா இருந்த மனுஷனைக் கட்டி மேய்க்கறது லேசா? அப்படிப்பட்டவர் முதல் தடவையா மாட்டேன்னு சொல்லாம, ஒரு நிபந்தனை சொன்னார். நான் சாப்பாட்டைப் பாதியில விட்டுட்டேன், தெரியுமா? ஓடிப்போய் அம்மாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்.

— கடைக்கு முன்னாடி அந்த வேன் இடிக்க வந்ததுலேருந்து அம்மா அவரைத் தனியா அனுப்பவே பயப்படறாங்களே.

— அதை நினைச்சாத்தான்டா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. பின்னாடி ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்திருக்கான். இவர் பாட்டுக்கு நடு ரோட்டுல, கை ரெண்டையும் பின்னாடி கட்டிக்கிட்டு. யாரோ பிடிச்சு இழுத்ததால தப்பிச்சார். வந்து என்ன சொல்றார்? வண்டிக்காரன் விசில் அடிச்சிருந்தா கேட்டிருக்குமாம்!

— விசில் ஊதி ஊதித்தானே காதே போச்சு அவருக்கு.

— அதைச் சொன்னா ஒத்துக்குவாரா?

— சரிக்கா, இப்ப கொஞ்சம் நிதானமா யோசி. அவருக்கு இடது வலது தெரியவா போகுது? காதுன்னா காதுன்னு எடுத்துக்குவார்.

— நம்ம அப்பாவா? பந்து கோட்டைத் தாண்டுச்சா இல்லையான்னு முட்டி போட்டுப் பாத்தவரா? அதுவும் கடி இருக்கேடா அந்தக் காதுல! மேல் மடல்ல எலி கடிச்ச மாதிரி ஒரு வெட்டு. இடது காதுல மட்டும்தான் இருக்கு. வலது காது வழுவழுன்னு இருக்கும். இந்தப் போர்டுல கடி வலது காதுல இருக்கு!

— எலி கடிச்ச மாதிரியா? நீ கடிச்ச மாதிரின்னு சொல்லு.

— எனக்கு அப்ப ரெண்டு பல்லுதான் இருந்துச்சாம். தூக்கிக் கொஞ்சினவர் காதைக் கொடுத்தா, குழந்தை என்ன பண்ணும்?

— அவர் வெளியில என்ன சொல்லி வெச்சிருக்கார், தெரியும்ல? பெனால்டி கொடுத்ததுக்கு ஒரு முரட்டு ஆட்டக்காரன் பாய்ஞ்சு கடிச்சுட்டானாம். ரத்தம் ஒழுக ஒழுக நின்னு மேட்ச்சை முடிச்சாராம்.

— சொல்லிட்டுப் போகட்டும். பெத்த பொண்ணு கடிச்சான்னா எவன் பயப்படுவான்? ஆனா அந்தக் கடியை அழிச்சு அழிச்சு வரைஞ்சேன்டா. சரியா வரணுமேன்னு. எத்தனை பாக்கெட், எத்தனை உறை வரைஞ்சிருக்கேன். ஒண்ணுக்காவது இவ்வளவு பயந்ததில்ல.

— நீ சரியாத்தான் வரைஞ்சே. நானே ஒத்துப் பாத்தேனே.

— நீ ஒத்துப் பாத்து என்ன பிரயோஜனம்? அவர் மூணு தடவை தள்ளிட்டார். முதல் தடவை, ஏதோ இடிக்குதுன்னார். என்ன இடிக்குதுன்னு கேட்டா சொல்லத் தெரியல. ரெண்டாவது தடவை, காது நல்லாத்தான் இருக்கு, என்னோடது இல்லன்னார். மூணாவது தடவை...

— சித்தப்பா காதுன்னார்.

— சிரிக்காதே! எனக்கு அழுகையே வந்துடுச்சு. பெத்த அப்பன் காதை வரையத் தெரியாதவளா நான்? பக்கத்துல உக்காந்து, அவர் பேப்பர் படிக்கும்போது நாள் கணக்கா பாத்துப் பாத்து வரைஞ்சேன். நரம்புகூட விடல.

— அவர் வேணும்னே சாக்கு சொல்றார்க்கா. மாட்ட இஷ்டமில்ல.

— அப்படித்தான் நானும் நினைச்சேன். கடைசியில என்ன சொன்னார்? காகிதத்துல பாத்தா சரிப்படாது, போர்டுல அச்சாகி வரட்டும், பாத்துட்டுத் தீர்ப்புச் சொல்றேன். அப்பவும் இல்லன்னா விசில் ஊதிடுவேன், அப்புறம் இந்தப் பேச்சே வீட்டுல எடுக்கக்கூடாதுன்னார். அவர் விசில் ஊதிட்டா ஊதினதுதான். இன்னிவரைக்கும் ஒரு தீர்ப்பை மாத்தினதில்ல.

— மறுபடி அச்சடிச்சு வர மூணு வாரமாவது ஆகும். அதுவரைக்கும் போர்டு வரலைன்னு சொல்லிடலாமா?

— கூரியர்காரர்கிட்ட கையெழுத்துப் போட்டு வாங்கினதே அவர்தான்டா!

— அட, ஆமால்ல.

— வாங்கி உன் கையில கொடுத்துட்டு, ஷேவ் பண்ணிட்டு மேலே வரேன்னு போயிருக்கார். முக்கியமான மேட்ச்சுன்னா ஷேவ் பண்ணாம கிரவுண்டுல இறங்க மாட்டாரே. அப்படி நினைச்சுக்கிட்டு வரார் பாவம்.

— அப்ப லோகோ மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டா? உன்கிட்டதான் பழைய பிரிண்ட் இருக்குமே, வெட்டி ஒட்டு.

— கண்ணாடி டப்பாவுல ஸ்டிக்கரா? எல்லாம் வெளியே தெரியணும்னுதானே அந்த டப்பா. ரூல் புக் மாதிரி எல்லாரும் படிக்கலாம்னு நீ சொன்னதைக் கேட்டுத்தான் அவர் மனசே இளகுச்சு. அதுலயே ஒளிச்சு ஒட்டினேன்னு வெச்சுக்கோ, சிவப்புக் கார்டு எனக்குத்தான்.

— உண்மையைச் சொல்லிடலாமா?

— சொன்னா, என் காது இல்லன்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் நான் எதுக்கு மாட்டணும்னு போயிடுவார். சொல்லலைன்னா அவரே கண்டுபிடிச்சுட்டுப் போயிடுவார். ரெண்டு பக்கமும் இடி.

— படியேறற சத்தம் கேக்குது. வந்துட்டார்.

— பேட்டரியை மாட்டு, சீக்கிரம்! ஏதாவது பேசணும்னா ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசு. நம்ம வாயைப் பாத்தே பாதியைப் படிச்சிடுவார்.

— என்ன, ரெண்டு பேரும் மூஞ்சியைத் தொங்கப்போட்டு நிக்கறீங்க? முதல் பாதியிலயே கோல் வாங்கின டீம் மாதிரி!

— ஒண்ணுமில்லப்பா! வாங்க! உக்காருங்க!

— கத்தாதே பெரியவளே. இந்தப் பக்கம் திரும்பிச் சொன்னா போதும். சின்னவனே, என் மூக்குக் கண்ணாடி எங்கே? அந்த விளக்கை இப்படி இழு. ம். எங்கே உங்க போர்டு?

— இந்தாங்கப்பா. டப்பாவுல போட்டுட்டேன். முதல்ல மாட்டிப் பாத்துடுங்களேன், லோகோவை அப்புறம் பாக்கலாம்...

— நாணயம் சுண்டறதுக்கு முன்னாடி மேட்ச்சை ஆரம்பிக்கறதா? நல்லா இருக்கே நியாயம். பின்பக்கத்தைக் காட்டு.

— இதோ.

— கையை எடு. விரலால மறைக்காதே.

— மறைக்கலப்பா, பிடிச்சுக்கிட்டு இருக்கேன்.

— நானே பிடிச்சுக்கறேன், கொடு. ம்... ம்...

— அப்பா, நான் ஒண்ணு சொல்லணும்.

— பெரியவளே, ரெஃப்ரீ யோசிக்கும்போது யாரும் கிட்டே வந்து பேசக்கூடாது. தள்ளி நில்லு.

— அக்கா, சும்மா இரு.

— மேல் மடல்... கடி... கீழே சின்னதா தொங்கற சதை... ம்.

— அப்பா, அது வந்து, அச்சுல...

— யார் வரைஞ்சது இது?

— நான்தாம்பா.

— இதுக்கு முன்னாடி மூணு வரைஞ்சியே, அதையும் நீதான் வரைஞ்சியா?

— ஆமா.

— அப்ப ஏன்டி கண்டவன் காதையெல்லாம் கொண்டுவந்து காட்டினே? இப்ப வருதில்ல கை! இது காது. இதுதான் என் காது. தூக்கத்துல எழுப்பிக் காட்டினாலும் சொல்லுவேன். கடியைப் பாரு, என்னமா உக்காந்திருக்கு! சபாஷ்! என்னடி, தம்பியைப் பாத்துக்கிட்டு நிக்கறே?

— இல்லப்பா, சந்தோஷத்துல.

— சந்தோஷத்துல அப்பா. அக்காவுக்கு ரொம்பச் சந்தோஷம். எனக்கும். மாட்டிக்கறீங்களா? இந்தக் கயிறு...

— அந்தக் கயிறு யாருக்கு வேணும்? என் சட்டைப் பையில விசில் கயிறு இருக்கு, விசிலைக் கழட்டிட்டு அதுல கோத்துக் கொடு. காது வெளிப்பக்கம் பாக்கறமாதிரி தொங்கணும். பாக்கறவன் யாரு காதுன்னு கேக்கணும்.

— கேட்டா?

— பெனால்டி கதையை முதல்லேருந்து சொல்லுவேன்.

— குனிஞ்சுக்கோங்க. இந்தக் குமிழைக் காதுல அழுத்தி வைங்க. இன்னொண்ணு இந்தக் காதுல. வலிக்குதா?

— எனக்கா? ரத்தம் ஒழுக நின்னவன்டா நான்.

— சரி, இப்ப மெதுவா இந்தத் திருகைத் திருப்பறேன். அதிகமா தெரிஞ்சா கையைத் தூக்குங்க.

— ம். ஒண்ணும் இல்ல. இன்னும் ஒண்ணும் இல்ல. உங்க குழு... நிறுத்து! என்ன சத்தம் அது? கடகடன்னு?

— ஃபேன்ப்பா.

— நம்ம ஃபேனா? இவ்வளவு சத்தமாவா சுத்துது? இத்தனை வருஷமாவா?

— ஆமா. எண்ணெய் போடணும்னு அம்மா தினமும் சொல்றாங்க.

— ஏன்டா நான் இப்படிக் கத்தறேன்? இது என் குரலா?

— உங்க குரலேதான். ஆறு வருஷமா தெருமுனை வரைக்கும் கேக்குது.

— சொல்லக்கூடாதாடா! பேங்க்ல, பஸ்ஸுலயெல்லாம் இப்படியா பேசிக்கிட்டு இருந்தேன்? ச்சே! அதான் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்தாங்களா? நான் என்னவோ, ரெஃப்ரீன்னு அடையாளம் தெரிஞ்சு பாக்கறாங்கன்னு நினைச்சேன்.

— அப்பா.

— என்னம்மா?

— ஒண்ணுமில்ல. சும்மா கூப்பிட்டேன்.

— அவ்வளவு மெதுவா கூப்பிட்டியா இப்ப?

— ஆமாப்பா.

— இன்னொரு தடவை கூப்பிடு.

— அப்பா.

— ம். ம்... உன் குரல் மாறவே இல்லடி. நான் என்னவோ, கல்யாணமாகி உனக்குத் தொண்டை தடிச்சுப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். எல்லாரும் கத்தியே பேசினா பின்ன எப்படித் தெரியும்? என்ன, அழறியா? அழறதுக்கெல்லாம் மஞ்சள் கார்டு உண்டு, ஆமா.

— அழலப்பா. தூசி.

— உங்கம்மா எப்ப வருவா?

— கடைக்குப் போயிருக்காங்க. வர்ற நேரம்தான்.

— வரட்டும், வரட்டும். நான் எழுந்து போகும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னாடி அவ உதடு அசையும். அலமாரிக் கண்ணாடியில பாத்திருக்கேன். என்ன சொல்றான்னு இன்னிக்குக் கேட்டுடறேன்.

— ஐயோ! அக்கா, அம்மாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடு.

— சொல்லிடறேன். டேய், இப்படி ஜன்னல்கிட்ட வா. ஒரு நிமிஷம்.

— என்னக்கா?

— என்னால முடியலடா. மனசு உறுத்துது. பாரு, சின்னப் புள்ள மாதிரி ஃபேன் கீழே நின்னு சிரிச்சுக்கிட்டு இருக்கார். சொல்லிடலாம்.

— உனக்கென்ன பைத்தியமா? எவ்வளவு பெரிய கண்டத்துலேருந்து தப்பிச்சிருக்கோம்! திரும்பிப்போன காதுன்னு தெரிஞ்சா இந்த நிமிஷமே கழட்டி வெச்சிடுவார்.

— தெரியாம இருக்குமா? நாளைக்கு யாராவது சொல்லுவாங்க. அப்ப பெத்த பொண்ணே ஏமாத்திட்டான்னு ஆகும்.

— மூணு வாரம் வாயை மூடிக்கிட்டு இரு. சரியான போர்டு வந்ததும் நைசா மாத்திடறேன்.

— யாரு எதை நைசா மாத்தறது? ஜன்னலைப் பாத்துப் பேசினா எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. இன்னிக்குக் காலை வரைக்கும் சரி. இப்ப இந்த டப்பாவை நீங்களே செஞ்சு நீங்களே மாட்டிவிட்டுட்டு, பின்னாடி நின்னு ரகசியம் பேசறீங்களே, உங்களுக்குக் கொஞ்சமாவது விவரம் இருக்கா?

— அப்பா... கேட்டுச்சா?

— பைத்தியமான்னு இவன் கேட்டதுலேருந்து எல்லாம் கேட்டுச்சு. மெஷின் பிரமாதம். இப்ப சொல்லுங்க, என்ன ஃபவுல்?

— டெக்னிக்கலா சொல்லப்போனாப்பா...

— நீ தள்ளு. பெரியவளே, நீ சொல்லு.

— அது உங்க காது இல்லப்பா.

— என்னது?

— நான் சரியாத்தான் வரைஞ்சேன். இவன் போர்டுல ஏத்தும்போது இடம் வலமா திருப்பிட்டான். கடி உங்க இடது காதுலதானே இருக்கு? இதுல வலது காதா விழுந்திருக்கு. சத்தியமா எங்களுக்கும் இப்பத்தான் தெரியும். நீங்க இதுதான் என் காதுன்னதும் வாய் வரல.

— ஓகோ.

— அப்பா, கயிறுல ஏன் கை வைக்கறீங்க? கழட்டாதீங்கப்பா! நான் சொல்றதைக் கேளுங்க. லோகோ எப்படியோ போகட்டும். அந்த வேன் விஷயத்துக்கு அப்புறம் உங்களை வெளியே அனுப்பிட்டு அம்மா வாசலையே பாத்துக்கிட்டு நிக்கறாங்க. அங்கே என் வீட்டுல போன் அடிச்சா போட்டதைப் போட்டபடி ஓடிப்போய் எடுக்கறேன். உங்க காது யார் மாதிரி இருந்தா எனக்கென்ன? உங்களுக்குக் கேக்கணும். அவ்வளவுதான்ப்பா எனக்கு வேணும்.

— தப்பு என்னோடதுப்பா. கார்டு காட்டறதா இருந்தா எனக்குக் காட்டுங்க. மெஷினைக் கழட்டாதீங்க.

— பேசி முடிச்சாச்சா ரெண்டு பேரும்?

— முடிச்சாச்சு.

— கயிறு கழுத்துல அரிச்சுது, சொறிஞ்சேன். அதுக்குள்ள ஒப்பாரியா? அந்த மூணு காகிதமும் இருக்கா?

— இருக்குப்பா. இதோ.

— கொடு. ம். இதை எங்கே உக்காந்து பாத்து வரைஞ்சே?

— உங்க பக்கத்துல. நாற்காலி போட்டு. நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பீங்க.

— சின்னவனே, நீ ஒத்துப் பாத்தியே, எங்கே நின்னு பாத்தே?

— நானும் பக்கத்துல நின்னுதான்.

— உங்கம்மா?

— அவங்களும் அப்படித்தானே பாத்திருப்பாங்க? காதை வேற எப்படிப்பா பாக்கறது?

— சரி. விசாரணை முடிஞ்சுது. தீர்ப்பு மாறாது. கோல் செல்லும். ஒரு போர்டைக்கூடத் திருத்தக்கூடாது. உங்க குழுவுக்கும் எழுதிடு.

— அப்பா, விளையாடாதீங்க. அது திரும்பின காதுப்பா! மூணு தடவை நான் நேரா வரைஞ்சதை என்னோடது இல்லன்னீங்க, இப்ப தப்பா விழுந்ததைப் பாத்து இதுதான்னு எப்படிச் சொல்றீங்க?

— உங்களுக்கெல்லாம் பக்கத்துல நின்னு பாக்க வசதியா இருக்கு. நான் என் காதை ஷேவ் பண்ற கண்ணாடியில தவிர வேற எங்கடி பாத்தேன்?